கல்லின் பாரம் மணலில் இறங்கக் கூடாது: கடல்நீர்த் தொட்டிக்குள் மறைவான குழாய்த் தாங்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடல்நீர் மீன் தொட்டி வைப்பவர்கள் மீனுக்கும் விளக்குக்கும் காட்டுகிற அக்கறையைக் கல் நிற்கும் இடத்துக்குக் காட்டுவதில்லை. முதலில் மணலைக் கொட்டி, அதன்மேல் கல்லை அடுக்கிவிடுகிறார்கள். கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அடியிலிருந்து மணலை வாரி வெளியே போட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் அடுக்கு சரியும். கூரான முனை கண்ணாடியில் பட்டால் 250 லிட்டர் உப்புநீர் வீட்டுக் கூடமான பட்டாலையில் ஓடும். அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. குடித்த உப்பை மாதக்கணக்கில் வெள்ளையாகக் கக்கிக்கொண்டிருக்கும்.

கல்லைக் குழாய் தாங்க வேண்டும், குழாயைத் தொட்டியின் அடிக்கண்ணாடி தாங்க வேண்டும். மணல் கடைசியில்தான்.

முதலில் கல்லைப் பற்றி. ஊரில் சும்மா கிடைக்கிறதே என்று செம்புறாங்கல்லைப் போடாதீர்கள். அதில் இரும்பு அதிகம், பாசிக்குத் தீனி. தொண்டி, மண்டபம் கரையில் ஒதுங்கும் பவளக்கல்லையும் தொடாதீர்கள். கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த பவளமென்றாலும் குற்றம்தான். குறைந்தது 3 ஆண்டு சிறை. கடைக்காரர் ‘பழைய ஸ்டாக்’ என்று சொல்வது உங்களைக் காப்பாற்றாது. சுண்ணாம்புப் பாறை போதும். வினிகர் சொட்டினால் நுரைக்க வேண்டும். துளை அதிகமில்லாத கல்லாக இருந்தால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேற வடிகட்டியில் செராமிக் துண்டுகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

குழாய், குடிநீருக்கான ஐஎஸ் 4985 முத்திரை உள்ள 25 மி.மீ. யுபிவிசி. ஒயரிங் பைப்பும் கழிவுநீர்க் குழாயும் வேண்டாம். எல்போ (குழாயை மூலையில் திருப்பும் இணைப்பு) வாங்கும்போது உள்ளே பார்த்து வாங்குங்கள்: பித்தளை மரை வைத்தது ஒன்று கலந்துவிட்டாலும் அதிலிருந்து கசியும் செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும். ஸ்டீல் திருகும் உப்பில் நிற்காது. கட்டுவதற்கு நைலான் கேபிள் டை போதும்.

4 அடி நீளம், ஒன்றரை அடி அகல உயரமுள்ள தொட்டிக்கு ஒரு கணக்கு. அடியில் 80-க்கு 22 செ.மீ. சட்டம், நான்கு மூலைக்கும் எல்போ. நீளவாட்டுப் பக்கம் ஒவ்வொன்றிலும் 10, 40, 70 செ.மீ.யில் மேல்நோக்கி ஒரு டீ (மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு). பின்பக்க டீக்களில் 18 செ.மீ. கால்கள், முன்பக்கத்தில் 8 செ.மீ. ஒவ்வொரு வரிசையின் தலையிலும் 60 செ.மீ. குறுக்குக் குழாய்: இரு ஓரத்தில் எல்போ, நடுவில் டீ. மொத்தம் 8 எல்போ, 8 டீ, ஏறத்தாழ 4 மீட்டர் குழாய். நடுக்காலை மிச்சம் பிடிக்காதீர்கள். பிவிசி தொடர்ந்து பாரம் தாங்கினால் மெல்ல வளைந்துகொடுக்கும், 30 செ.மீ.க்கு ஒரு கால் வேண்டும். சட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் 10 செ.மீ.யாவது விட்டால்தான் கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பான் போய்வரும்.

அடிச்சட்டம் முழுநீளத்துக்கும் கண்ணாடியில் படியாது. எல்போ, டீ போன்ற ஃபிட்டிங் குழாயைவிடத் தடிமன் என்பதால் பாரமெல்லாம் அதன் விளிம்பில் நிற்கும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் அடியில் 3 மி.மீ. அக்ரிலிக் துண்டு வையுங்கள். அடர்த்தியான 10 கிலோ கல் தண்ணீருக்குள் சுமார் 6 கிலோதான். ஆனாலும் உலர்ந்த எடைக்கே கணக்குப் போடுங்கள், தண்ணீரை இறைக்கிற நாளும் வரும்.

பலரும் கோட்டைவிடுவது துளையில். மூடிய குழாயில் காற்று அடைபட்டால் சட்டம் மிதக்கப் பார்க்கும். தண்ணீர் புகுந்து தேங்கினால் அதைவிட மோசம்: கழிவு சேர்ந்து, ஆக்சிஜன் தீர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். கல்லை அசைக்கும்போது வருகிற அழுகிய முட்டை வாடை அதுதான். எல்லாக் குழாயிலும் 5 செ.மீ.க்கு ஒன்றாக 8 மி.மீ. துளை போடுங்கள், பக்கவாட்டில். கல் உட்காரும் மேல்பக்கத்தில் போட்டால் குழாய் வலுவிழக்கும். மேல் எல்போக்களின் உச்சியில் மட்டும் காற்று வெளியேற ஒன்று.

இதே குழாயில் மோட்டாரை இணைத்துக் கல்லடிக் கழிவை ஊதித் தள்ளலாம் என்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. துளைகளைப் புழுக்கூடுகள் அடைத்துவிடும், கல்லுக்கடியில் கைவிட்டுச் சுத்தம் செய்ய முடியாது. மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியின் (கீழ்த்தொட்டி) மோட்டாரோடு இணைத்தால் இன்னும் ஆபத்து: கரண்ட் போனதும் தண்ணீர் அதே வழியாகத் திரும்பி இறங்கிக் கீழ்த்தொட்டி வழியும். தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வு உப்பு படிந்து மூடாமல் போகும், அதை நம்ப வேண்டாம்.

குழாயின் மேல் அச்சையும் பளபளப்பையும் உப்புத்தாளால் தேய்த்தெடுத்துவிட்டு ஒட்டுங்கள். சால்வெண்ட் சிமெண்ட் இரண்டு நாள் காய்ந்தபின் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை மாற்றுங்கள். மறைப்பதற்கு, கரைப்பான் சேராத எபாக்ஸி பூசித் தொட்டிமணலில் உருட்டினாலே போதும். முன்பக்கம் தெரிகிற கால்களில் கல் சில்லுகளை மீன்தொட்டிக்கென விற்கும் எபாக்ஸி பட்டியால் ஒட்டலாம். ஊர் வழக்கப்படி கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசினால் என்ன என்று கேட்பார்கள். நீற்றிய சுண்ணாம்பு பிஎச்சை 12-க்கு மேல் கொண்டுபோகும்; தொட்டிக்குத் தேவை 8.1-லிருந்து 8.4. சிமெண்டும் பல வாரம் ஊறாமல் உள்ளே போகக் கூடாது.

மணல் போடுமுன் சட்டத்தையும் கல்லையும் வெறும் தண்ணீரில் ஒருநாள் நிறுத்திவையுங்கள். உச்சிக் கல்லைக் கையால் அழுத்தி ஆட்டுங்கள். எங்காவது குமிழி கிளம்பினால் அந்த இடத்தில் இன்னொரு துளை போட வேண்டும்.