லாபியிங் என்பது தரகு அன்று

கடன் கூட்டுறவுச் சங்கங்களும் சிறுகடன் அமைப்புகளும் தமக்கேற்ற சட்டத் திருத்தம் வேண்டி நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தால், அச்செய்தி தமிழுக்கு வரும்போது ‘அரசியல் தரகு’ ஆகிவிடுகிறது. ஆங்கில மூலத்தில் இச்செயலுக்கு லாபியிங் (lobbying) என்று இருக்கக் கண்டதும் மொழிபெயர்ப்பாளரின் கை தரகை நோக்கித் தானாகவே போய்விடுகிறது.

லாபி என்பது இடைக்கால இலத்தீனில் மூடிய நடையையும் முன்கூடத்தையும் குறித்த சொல்லின் வழிவந்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களைப் பிறர் சந்திக்கும் கூடத்துக்கு அது பெயராயிற்று. அங்கே காத்திருந்து அவர்கள் மனத்தை மாற்ற முயலும் செயலையும் அது குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில். குடியரசுத் தலைவர் கிராண்ட் சென்றுவந்த விடுதியின் முன்கூடத்தில் இச்சொல் பிறந்தது என்பது கட்டுக்கதை. அவர் 1869இல் பதவியேற்கும் முன்பே அது வழக்கில் இருந்தது.

தரகர் என்பவர் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் நின்று, பேரம் படிந்தால் கூலி பெறுபவர். லாபியிங்கில் இடையில் நிற்பவர் எவரும் இல்லை. ஒரு தரப்பின் வழக்கை அத்தரப்பே, அல்லது அதன் சார்பில் ஒருவர், சட்டம் இயற்றுவோர் முன் வைப்பதே அச்செயல். அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடன் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்குள் ஒரே வேலையிடம் போன்றதொரு பொதுத் தொடர்பு இருக்கவேண்டும் என்றிருந்தது. தொடர்பற்ற பல குழுக்களை ஒரே சங்கத்தில் சேர்ப்பதை எதிர்த்து வங்கிகள் வழக்காட, 1998 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. சங்கங்கள் தம் உறுப்பினர்களைத் திரட்டிக்கொண்டு நாடாளுமன்றத்தை அணுகின. வங்கிகளும் அங்கேயே எதிர்வாதம் செய்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. தம் சேமிப்பு இருக்கும் சங்கத்துக்காகப் பேசிய அந்த உறுப்பினர்களுள் எவரைத் தரகர் என்பது?

‘பரப்புரை’ என்பாரும் உளர். அது பொதுமக்களை நோக்கியது. இதுவோ முடிவெடுக்கும் சிலரை நோக்கியது. ‘ஆதரவு திரட்டல்’ தேர்தலை நினைவூட்டுகிறது. ‘வக்காலத்து’ பொருளில் நெருங்கி வந்தாலும் அரபு வழிவந்தது என்பதோடு, ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்’ என்னும் ஏளனத்தையும் சுமந்து வருகிறது. ‘பரிந்துரை’ அலுவலகக் கோப்புகளில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. ஆனால் அதன் வேரான ‘பரிந்து பேசுதல்’, ஒருவர் சார்பில் நின்று அவருக்காக வாதாடுவதைத் தெளிவாகச் சொல்கிறது. பள்ளிச் சிறுவனுக்கும் விளங்குகிறது. ஆகவே லாபியிங்கைப் பரிந்துபேசல் என்றும், அதைச் செய்பவரைப் பரிந்துபேசுநர் என்றும் எழுதலாம் என்பது என் துணிபு.

கடன் கூட்டுறவுச் சங்கங்களும் சிறுகடன் அமைப்புகளும் அடங்கிய இத்துறையின் பெயரே மொழிபெயர்ப்பில் படாதபாடு படுகிறது. ‘சமூக நிதி’ என்று எழுதினால், ஒரு நெடில் கூடிய மாத்திரத்தில் அது சமூக நீதியாகிவிடுகிறது. அச்சுப் பிழை என்று கருதி நீதியாகத் திருத்திவிடும் பிழைதிருத்துநர்களும் இருக்கிறார்கள். ‘சமுதாய நிதியம்’ என்றால் ஏதோ நன்கொடைப் பெட்டி போல ஒலிக்கிறது. வங்கிகள் ஒதுக்கியவர்களுக்குக் கடன் தரும் இவ்வமைப்புகளைச் ‘சமுதாயக் கடனுதவித் துறை’ எனலாம். இவ்வளவும் யோசிக்க நேரமில்லாமல், அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவதே இன்று மொழிபெயர்ப்பு எனப்படுகிறது.

பணம் பெற்றுப் பிறருக்காகப் பேசுவோரை என்னென்பது என்று கேட்கலாம். பிரித்தானியாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணத்துக்குப் பிறர் சார்பில் அமைச்சர்களை அணுகும் ஆலோசகர்களையே பதிவேட்டில் சேர்க்கச் சொல்கிறது. தன் துறைக்காகத் தானே பேசும் அமைப்பின் ஊழியரை அவ்வகையில் சேர்ப்பதில்லை. முன்னவரைக் ‘கட்டணப் பரிந்துபேசுநர்’ எனலாம். பேச்சோடு நில்லாமல் உறையும் கைமாறினால், அதற்குக் கையூட்டு என்னும் சொல் நெடுங்காலமாகவே நம்மிடம் இருக்கிறது.