ஜோடிக் கம்பியில் ஒன்று மட்டும் ஏன் அறுகிறது?

போன டிசம்பர், ஊட்டி, வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். ராத்திரி 10 மணிக்கு வெளியே 6 டிகிரி. புல்லெல்லாம் நீர்ப்பனி பிடிக்கத் தொடங்கியிருந்தது. பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஜோடி ஜோடியாகக் கம்பி கட்டிய என்னுடைய 12 கம்பி எலக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு வீட்டு கேட்டுக்கு முன்னால் நின்று கச்சிதமாகச் சுருதி சேர்த்தான். உள்ளே போனோம். கணப்பு கணகணவென்று எரிகிறது, ஹாலில் முப்பது பேர். எல்லாக் கம்பிகளையும் சேர்த்து முதல் கார்டை அடித்ததும் மற்ற ஜோடிகள் ஏதோ ஒப்பேற்றின, ஜி என்ற ஸ்வரத்துக்கான ஜோடி மட்டும் புளித்த மோர் மாதிரி இழுத்தது. “அண்ணா, இப்பத்தானே சேர்த்தேன்?” என்று அதிலிருந்த மெல்லிய கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்கினான். பட். அறுந்துவிட்டது.

மறுநாள் அவன் செய்ததுதான் எல்லோரும் செய்கிற தப்பு. எட்டாம் நம்பர் கம்பி மெலிசு, அதனால்தான் அறுந்தது என்று பத்தாம் நம்பரை மாட்டினான். மூன்றாம் நாள் அதுவும் போனது.

12 கம்பி கிட்டாரில் ஆறு ஜோடிகள். மேல் இ, பி இரண்டிலும் ஜோடிக் கம்பிகள் ஒரே சுருதி, ஒரே பருமன். மற்ற நாலு ஜோடிகளில் (ஜி, டி, ஏ, கீழ் இ) ஒன்று வழக்கமான கம்பி, பக்கத்தில் இருப்பது அதைவிட ஒரு ஸ்தாயி மேலே பேசும் மெல்லிய கம்பி. தம்புராவில் சாரணியும் அனுசாரணியும் ஒரே ஸ்வரத்தில் அடுத்தடுத்து ஒலிக்கும்போது வரும் ரீங்காரம் தெரியுமல்லவா, இ, பி ஜோடிகளில் கிடைப்பது அதே இனிமைதான். இரண்டும் நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்காது, நொடிக்கு அரை தடவை அலை மாதிரி ஏறி இறங்கும், அந்த மினுமினுப்புக்காகத்தான் இவ்வளவு கம்பிகளோடு மல்லுக்கட்டுகிறோம். ஆனால் ஸ்தாயி ஜோடிகளின் கதை வேறு. அவை பார்க்கத்தான் ஜோடி.

கம்பியின் நீளம், இழுவை, எடை மூன்றும் சேர்ந்துதான் சுருதியை முடிவு செய்கின்றன என்று மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1636லேயே எழுதி வைத்துவிட்டார். அதே கம்பி, அதே நீளம், சுருதி மட்டும் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் இழுவை நாலு மடங்கு ஆக வேண்டும். சரி, கம்பியைத் தடிமனாக்கினால்? எடை கூடுகிறது, அதனால் இழுவையும் கூட்ட வேண்டியிருக்கிறது, அதைத் தாங்க இரும்பும் அதே அளவு கூடியிருக்கிறது. கணக்கு சமமாகிவிடும். ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்பு சுமக்கும் பாரம் என்று பார்த்தால், சுற்று இல்லாத வெறும் எஃகுக் கம்பிக்கு அது பருமனைப் பொறுத்ததே இல்லை, சுருதியையும் நீளத்தையும் மட்டுமே பொறுத்தது.

25.5 அங்குல அளவுள்ள கிட்டாரில், அதாவது கழுத்தின் நுனியில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலின் மேல் தாங்கும் பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர், நான் போட்டுப் பார்த்த கணக்கு இது. வழக்கமான ஜி, 196 ஹெர்ட்ஸ்: சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 52 கிலோ. மேல் ஸ்தாயி ஜி, 392 ஹெர்ட்ஸ்: 207 கிலோ. பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று மற்றதைவிட நாலு மடங்கு பாரத்தில் நிற்கிறது. இவ்வளவு மெல்லிய இசைக்கம்பி எஃகு சுமார் 280 கிலோவில் அறுந்துவிடும், ஆக அந்தச் சின்ன ஜி எப்போதும் தன் ஆயுள் எல்லையின் முக்கால் தூரத்தில்தான் வாழ்கிறது. மேல் இ கம்பிகூட 146தான்.

இப்போது தம்பியின் பத்தாம் நம்பரைப் பாருங்கள். எட்டாம் நம்பர் என்றால் 0.008 அங்குலம், கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர், அதன் மொத்த இழுவை 6.7 கிலோ. பத்தாம் நம்பரை அதே சுருதிக்கு ஏற்றினால் 10.5 கிலோ. கிட்டார் கழுத்துக்குத்தான் கூடுதல் சுமை, கம்பிக்கு எந்த லாபமும் இல்லை, அதே 207தான். சொல்லப்போனால் நஷ்டம். எஃகுக் கம்பியை மெல்லிசாக இழுக்க இழுக்க அதன் சதுர மில்லிமீட்டர் வலு கொஞ்சம் கூடும், பிரிட்ஜின் மேல் மடங்கும்போதும் மெல்லியதுக்குத்தான் வளைவின் பாரம் குறைவு. அதனால் ஸ்தாயி ஜிக்கு எட்டு அல்லது ஒன்பதுக்கு மேல் போகவே போகாதீர்கள்.

அப்படியும் அடிக்கடி அறுகிறதா? அறுந்த முனை எங்கே என்று பாருங்கள். நட்டுக்கோ பிரிட்ஜுக்கோ பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலில் ஒரு சின்னப் பிசிறு போதும். நைஸான உப்புத்தாளை ஒரு நூலில் சுற்றி அந்தப் பள்ளத்தில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். இல்லையென்றால் கிட்டார் முழுவதையுமே ஒரு ஸ்வரம் இறக்கிவிட்டு இரண்டாவது ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை மாட்டுங்கள். 207 என்பது 164 ஆகிவிடும், பாட்டும் மாறாது. நான் வருஷக்கணக்காக இப்படித்தான். கேப்போ கோழைக்கு என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள், கம்பி வாங்கும் செலவு அவர்களுடையது.

அப்புறம், உள்ளே வந்ததும் ஜி ஜோடி மட்டும் ஏன் அப்படிப் புளித்தது? அதற்கும் இதே நாலு மடங்குதான் பதில். வழக்கமான ஜியில் இருக்கும் பதினேழாம் நம்பர் வெறுங்கம்பியைச் சுருதிக்குக் கொண்டுவரும்போது அது நீள்வது வெறும் 1.6 மில்லிமீட்டர். அதன் சின்னத் தம்பி 6.6 மில்லிமீட்டர் நீள்கிறான். 6 டிகிரியிலிருந்து 16 டிகிரி ஹாலுக்குள் போனால் எஃகு விரிகிறது, மரமும் விரிகிறது, ஆனால் கழுத்து நெடுக மரம் விரிவது எஃகில் மூன்றில் ஒரு பங்குதான், கழித்துப் பார்த்தால் கம்பிக்குக் கிடைக்கும் தளர்வு சுமார் 0.05 மில்லிமீட்டர். 6.6இல் இது தூசு. 1.6இல் நூற்றுக்கு மூன்று. கிட்டார்காரர்கள் சுருதி காட்டும் ட்யூனரில் பார்க்கும் சென்ட் கணக்கில் (ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நூறு சென்ட்) சொன்னால் பெரிய ஜி 27 சென்ட் இறங்குகிறது, சின்னது 7தான் இறங்குகிறது. நடுவில் 20 சென்ட் விரிசல், நொடிக்கு நாலைந்து தடவை அடித்துக்கொள்ளும் அலை. அதுதான் புளிப்பு. அதைவிட மோசம் முதல் சில நிமிஷங்கள், ஏனென்றால் கம்பிகள் இரண்டுமே மெலிசு, நொடிகளில் சூடாகிவிடும், கழுத்து இன்னும் வெளியே நிற்கிற மாதிரிதான் குளிர்ந்திருக்கும், அப்போது விரிசல் 20 என்பது 30 ஆகும். அந்த நேரத்தில் திருகினால் கால் மணி கழித்து மறுபடி திருக வேண்டும். தம்பி செய்ததோ இன்னும் கொடுமை: இறங்கியது பெரிய கம்பி, அவன் முறுக்கியது சின்னதை, அதுவும் ஏற்கெனவே முக்கால் தூரத்தில் நிற்பதை.

பழக்கம் இப்படி இருக்கட்டும்: முதலில் ஆறு பெரிய கம்பிகளையும் ட்யூனரில் வையுங்கள், பிறகு சின்னவற்றைக் காதால் அவற்றோடு சேருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்க்க வேண்டும், தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது “டிங்” என்று ஒரு குதி குதித்தால் நட் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது, பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். சுருதி எதுவும் புதுக் கம்பி இழுபட்டு அடங்கும்வரை நிற்காது, மாட்டியதும் விரலால் மெல்ல மேலே இழுத்து இழுத்து விட வேண்டும்.

செட் வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று, பெரிய ஜி வெறுங்கம்பியா சுற்றுக்கம்பியா என்று. எலக்ட்ரிக் செட்டுகளில் நிறைய பதினேழாம் நம்பர் வெறுங்கம்பிதான் வரும். அதைத் தூக்கிவிட்டு இருபதாம் நம்பர் சுற்றுக்கம்பி மாட்டுகிறேன். சுற்றுக்கம்பியில் இழுவையைச் சுமப்பது உள்ளே இருக்கும் மெல்லிய நடுக்கம்பி மட்டும்தான், மேலே சுற்றியிருப்பது வெறும் எடை. நடுக்கம்பி மெலிசு என்பதால் நன்றாக நீண்டு நிற்கும், நன்றாக நீண்டு நிற்பது குளிருக்கும் சூட்டுக்கும் அவ்வளவாக அசையாது. இன்னொரு லாபமும் உண்டு. ஃப்ரெட்டில் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபடுகிறதே, அதே 1.6 / 6.6 கணக்கில் வெறும் ஜி நிறைய ஏறும், சின்னது அவ்வளவாக ஏறாது. ஒவ்வொரு கம்பிக்கும் தனி சேடில் இருந்தால் ஆளுக்கொரு நீளம் வைத்துச் சமாளிக்கலாம், ஃபெண்டரின் 1965 எலக்ட்ரிக் டுவெல்வில் 12 சேடில் இருந்தது. பல கிட்டார்களில் ஜோடிக்கு ஒரு சேடில்தான், இருவருக்கும் ஒரே செருப்பு. சுற்றுக்கம்பி போட்டால் அந்தச் செருப்பு ஓரளவு இருவருக்கும் பொருந்தும். கம்பியை வளைத்து வாசிக்க முடியாது, உண்மைதான், ஆனால் 12 கம்பியில் யார் வளைக்கிறார்கள்?

ஒரு எச்சரிக்கை. மலையில் கடையில் 12 கம்பி செட் என்று கேட்டால் அக்கூஸ்டிக் செட்டை நீட்டுவார்கள். அதன் சுற்று வெண்கலம். எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் காந்தம், வெண்கலம் அதன் கண்ணுக்கே தெரியாது, உள்ளிருக்கும் எஃகு நடுக்கம்பி மட்டுமே தெரியும். விளைவு, வெறுங்கம்பிகள் கத்தும், சுற்றுக்கம்பிகள் முனகும். நிக்கல் பூசிய எஃகு, சுத்த நிக்கல், துருப்பிடிக்காத எஃகு, இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பத்தாம் நம்பரில் தொடங்கும் செட் போட்டாலே 12 கம்பிகளும் சேர்ந்து கழுத்தை 90 கிலோவை ஒட்டி இழுக்கும், அதற்கு மேல் எனக்கு ஆசையில்லை. எட்டாம், ஒன்பதாம் நம்பர் வெறுங்கம்பிகளைத் தனியாக அரை டஜன் வாங்கி வைப்பது நல்லது, முதலில் போவது அதுதான்.

பராமரிப்பில் இங்கே எதிரி மூடுபனி. குளிர்ந்த கிட்டாரைச் சூடான, முப்பது பேர் மூச்சுவிடும் ஹாலில் திறந்தால் மூக்குக்கண்ணாடி மாதிரியே கம்பியிலும் நீர் பூக்கும், அதோடு விரல் வியர்வையின் உப்பு சேர்ந்தால் துரு வர இரண்டு நாள் போதும். துருப்புள்ளி ஒவ்வொன்றும் சின்ன ஜியில் ஒரு வெட்டு. உள்ளே போனதும் பெட்டியைத் திறக்காமல் அரை மணி விடுங்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கம் வரை துடையுங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம். மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுள்ள கம்பிகள் விலை அதிகம், இந்த ஊருக்குக் கொடுக்கலாம்.

தைலம் தடவலாமா என்று கேட்பவர்கள் உண்டு, நீலகிரி ஆயிற்றே. அழுக்கைக் கரைக்கும், அப்புறம் ஆவியாகிப் போய்விடும், காவல் எதையும் விட்டுவைக்காது, மரத்தின் மெருகில் சொட்டினால் அதையும் பதம் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்க வேண்டாம், இங்கே அது பாட்டிலுக்குள்ளேயே கல்லாக இருக்கிறது. பழைய சுற்றுக்கம்பியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் இடுக்கில் அடைத்த பிசுக்கு இளகிக் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று பேசும், ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் அது போதும். உடனே அடுப்பனலில் உலர்த்த வேண்டும். வெறுங்கம்பியைக் கொதிக்க வைப்பதில் அர்த்தமில்லை.

எப்போது மாற்றுவது? பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஜோடி சேரவில்லை, திறந்து அடித்தால் சேர்கிறது என்றால் கம்பியின் எடை சீராக இல்லை, அழுக்கோ தேய்மானமோ ஒரு பக்கம் ஏறியிருக்கிறது. அப்போது ஜோடியாக மாற்றுங்கள், ஒரு ஜோடியைக் கழற்றி மாட்டி ஏற்றிய பிறகே அடுத்தது, 90 கிலோவை ஒரேயடியாக இறக்கிவிட்டால் கழுத்து பழைய நிலைக்குத் திரும்ப நேரமெடுக்கும். சின்ன ஜி மட்டும் அறுந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். தம்பியின் சட்டைப்பையில் இப்போது எட்டாம் நம்பர் இரண்டு சுருள் எப்போதும் இருக்கிறது, இந்த டிசம்பரில் ஒன்றைத்தான் பிரித்தான்.