ஸ்பானிஷில் வயது சொல்ல, 'எனக்கு' என்று தொடங்கி யோசியுங்கள்

என் வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களை முதல் வாரமே தங்களைப் பற்றிப் பேசச் சொல்வேன். பெயர், ஊர் வரை தடங்கல் இருக்காது. வயது வந்ததும் 'சோய் 26' என்பார்கள். ஆங்கிலத்தை மனதுக்குள் ஓட்டி, அதை ஸ்பானிஷில் கொட்டுவதால் வரும் வினை இது. கேட்பவருக்குப் புரிந்துவிடும், ஆனால் 'நான் இருபத்தாறு' என்று யாரோ அறிமுகம் செய்துகொள்வதுபோல் இருக்கும்.

ஸ்பானிஷில் வயது ஒருவர் வைத்திருக்கும் உடைமை. 'தெனெர்' என்ற வினைக்குப் பொருள் உடைத்தாயிருத்தல். 'தெங்கோ 26 ஆஞோஸ்' என்றால் என்னிடம் 26 ஆண்டுகள் இருக்கின்றன.

தமிழர்களுக்கு இது எளிதாக வரவேண்டும். 'நான் இருபத்தாறு வயது' என்று நாம் சொல்வதில்லையே! 'எனக்கு இருபத்தாறு வயது' என்கிறோம். எனக்குப் பசி, எனக்குத் தாகம், எனக்குத் தூக்கம், எனக்குப் பயம் எல்லாவற்றுக்கும் அங்கே இதே வினைதான்: தெங்கோ ஆம்ப்ரே, தெங்கோ செத், தெங்கோ சுவேஞோ, தெங்கோ மியேதோ. ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டு 'எனக்கு' வழியாகப் போனால் பாதித் தவறுகள் தாமாகவே விலகும். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பல்ல: 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'மே குஸ்தா', 'எனக்குத் தெரியும்' என்பதற்கு வெறும் 'சே'.

அடுத்தது உச்சரிப்பு. ஆண்டைக் குறிக்கும் சொல் 'ஆஞோ'. அதில் வருவது நம் ஞகரமேதான், நாக்குக்குப் புதிதில்லை. சிக்கல் தட்டச்சில். அந்த எழுத்தின் தலையில் உள்ள நெளிகோட்டை விட்டால் 'ஆனோ' ஆகிவிடும். அதற்கு அர்த்தம் மலத்துவாரம். ஸ்பெயினில் வாடகைக்கு அறை தேடிய என் மாணவர் ஒருவர், தமக்கு இருபத்துநான்கு 'ஆனோஸ்' இருப்பதாக வீட்டுக்காரருக்கு எழுதி அனுப்பிவிட்டார். அறை கிடைத்தது, அது வேறு கதை. கைபேசியில் ஆங்கில 'n' எழுத்தை அழுத்திப் பிடித்தாலே சரியான எழுத்து மேலே வந்துவிடும்.

பிறர் வயதைக் கேட்கும்போது நம் நீ, நீங்கள் போலவே பார்க்கவேண்டும். நண்பரிடம் 'குவாந்தோஸ் ஆஞோஸ் தியெனெஸ்?' மரியாதைக்கு உரியவரிடம் 'தியெனே உஸ்தேத்?'. அர்ஜென்டினாவில் நண்பர்களுக்குள் 'தெனேஸ்' என்பார்கள், திகைக்க வேண்டாம். 'எனக்குப் பத்து வயதிருக்கும்போது' என்று பழங்கதை தொடங்கினால் 'தெனீயா' வரவேண்டும். அதே வினையின் இன்னொரு இறந்தகால வடிவமான 'துவே'யைப் போட்டு இந்த வாக்கியத்தைக் கெடுக்காத மாணவர் எனக்கு அபூர்வம்.

விண்ணப்பங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். 'கும்ப்லீர்' என்றால் நிறைவாக்குதல். பிறந்தநாளுக்கே 'கும்ப்லெஆஞோஸ்' என்றுதான் பெயர். அவர்கள் எண்ணுவது நிறைந்த ஆண்டுகளை. நம் பாட்டிகளோ நடக்கிற வயதை எண்ணுவார்கள். என் பாட்டி கணக்கில் எனக்கு எப்போதும் ஒரு வயது கூடுதல். படிவத்தில் அந்தக் கணக்கை எழுதிவிடாதீர்கள்.