உருவாக்க அழுத்தமா, பாறைப்படை அமுக்கமா?

மன்னார்க் கடலில் எண்ணெய், வாயு தேடும் பேச்சு எழும்போதெல்லாம், கொழும்பில் செய்யப்படும் தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'உருவாக்க அழுத்தம்' என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'போர்மேஷன் பிரஷர்'. இதைப் படிக்கும் உயர்தர மாணவன் என்ன நினைப்பான்? எதையோ உருவாக்கத் தேவையான அழுத்தம் என்றுதான்.

இலத்தீனில் 'போர்மா' என்றால் வடிவம். அதன் வழி வந்தது 'போர்மேஷன்'. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியில் வேர்னர் போன்ற புவிச்சரிதவியலாளர்கள் அதைப் பாறைத் தொகுதிகளுக்கு வழங்கினார்கள். இன்று வரைபடத்தில் தனியே பிரித்துக் காட்டக்கூடிய ஒரு பாறை அலகுக்கு அந்தப் பெயர். செயலைக் குறித்த சொல் ஒரு பொருளுக்குப் பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பாறையின் நுண்துளைகளில் நீரோ எண்ணெயோ வாயுவோ அடைபட்டுக் கிடக்கிறது. அதன் அமுக்கத்தைத்தான் அளக்கிறார்கள். கிணற்றில் நிரப்பும் துளையிடு சேற்றின் கனம் போதாவிட்டால் உள்ளே கிடப்பது கிணற்றுக்குள் பாயும். கனம் மிஞ்சினால் பாறை பிளந்து சேறு அதற்குள் ஓடிவிடும். 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் மக்கொண்டோ கிணறு கட்டுமீறி 11 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். முன்பெல்லாம் துளைகோலை வெளியே எடுத்துவிட்டு, கம்பிவடத்தில் கருவியை இறக்கி அளந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அளக்கும் கருவி துளைகோலோடேயே கீழே போகிறது. துளைப்பதைச் சற்று நிறுத்தி, கருவியின் சிறு மூக்கைக் கிணற்றுச் சுவரில் பதித்து, கொஞ்சம் உறிஞ்சுவார்கள். அமுக்கம் விழும்; பிறகு ஏறி ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டமே விடை. பல ஆழங்களில் அளந்து வரைபு கீறினால் இன்னொன்றும் தெரியும்: நன்னீரில் மீற்றருக்கு ஏறத்தாழ 9.8 கிலோபஸ்கால் கூடும், வாயுவில் அதைவிட மிகக் குறைவு. கோடு மடியும் இடத்தில் வாயு முடிந்து நீர் தொடங்குகிறது.

இனி 'உருவாக்கம்' என்ற சொல்லுக்கு வருவோம். ஆகு வேறு, ஆக்கு வேறு. உருவாதல் தானாக நடப்பது. உருவாக்கலுக்கு ஓர் ஆள் வேண்டும். பாறையை உருவாக்கியவர் யார்? சரி, இறைவன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது செய்கையின் பெயர், கல்லின் பெயராகாது. 'சுண்ணக்கல் உருவாக்கத்தில் துளையிட்டனர்' என்று எழுதுகிறார்கள். சுண்ணக்கல் உருவாகி முடியும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? பாறை எப்படித் தோன்றுகிறது என்ற பாடத்துக்கும் இதே 'பாறை உருவாக்கம்' தேவைப்படுகிறதே, அங்கே என்ன செய்வது? சூழலைப் பார்த்தால் புரியும் என்பார்கள். ஆங்கில மூலம் தெரிந்தவருக்குப் புரியும். அவருக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

'அமைப்பு அமுக்கம்' என்று போடுவோரும் உண்டு. கொழும்பில் 'அமைப்பு' என்றாலே கடிதத்தலைப்பும் செயலாளரும்தான் நினைவுக்கு வரும். 'அமுக்கக் குழு' வேறு அரசியல் பாடத்தில் இருக்கிறது. 'படுகை அமுக்கம்' கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் மன்னார்ப் படுகை என்று முழு வடிநிலத்துக்கே அந்தப் பெயரை வழங்குகிறோம். ஒரு படுகைக்குள் எத்தனையோ பாறை அலகுகள்.

பிறகென்ன, நம் பாடநூலில் அடுக்கைக் குறிக்கும் 'படை' இருக்கிறது. ஓசோன் படை என்று சிறுவயதிலிருந்தே படிக்கிறோம். படை என்றால் இராணுவம் அல்லவா என்று சிரிப்பவருக்கு, 'பாறை' என்று முன்னால் சேர்த்தால் போதும். ஓர் அலகுக்குள் பல அடுக்குகள் இருக்கலாமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனாலும் பாறைப்படை என்றால் வாசகர் கண்முன் ஒரு கல் வருகிறது. உருவாக்கம் என்றால் ஒன்றும் வருவதில்லை.

அடுத்தது 'அழுத்தம்'. தமிழ்நாட்டில் அது சரி. இங்கே இலங்கையில், பௌதிகவியலில் 'பிரஷர்' என்பது அமுக்கம்; அழுத்தம் இன்னொன்று. அழுத்த வித்தியாசம் மின்சுற்றில் வருவது. தாழமுக்கம் என்று வானிலை கேட்டு வளர்ந்தவர்கள், மென்பொருள் துப்பியதை அப்படியே ஒட்டி, பிள்ளைகளின் பாடநூலோடு மோதவிடுகிறார்கள். இரத்த அழுத்தத்தை நான் திருத்தப் போவதில்லை, அது ஊரோடு ஒட்டிவிட்டது. புதிதாக வரும் சொல்லையாவது பாடநூலைப் புரட்டிப் பார்த்து எழுதலாம். கலைச்சொல்லுக்காக அரசகரும மொழித் திணைக்களம் தொகுதி தொகுதியாக வெளியிட்ட நாடு இது.

பாறையில் அடைபட்டுக் கிடப்பதை மாதிரியாக எடுப்பதிலும் இதே கதை: 'திரவ மாதிரி' என்கிறார்கள். 2011 இல் மன்னாரில் டொராடோ, பராகுடா கிணறுகளில் கிடைத்தது இயற்கை வாயு. அதைத் திரவம் என்பதா? திரவமும் வாயுவும் சேர்ந்ததே பாய்மம். ஆகவே பாய்ம மாதிரி.

துளைகோலோடேயே கருவியை இறக்கி அளக்கும் அந்த முறையைத் 'துளையிடல் அமுக்கம்' என்று சுருக்குவது இன்னும் மோசம். துளைகோலுக்குக் கொடுக்கும் அமுக்கம் என்றாகிவிடும். 'துளையிடும்போதே பாறைப்படை அமுக்கம் அளத்தல்' நீளம்தான். முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'படையமுக்கம்' என்று குறுக்கிக்கொள்ளலாம்.