வீட்டுப் பேச்சை நிறுத்தச் சொல்லாதீர்கள்

மூன்று வயதை நெருங்கியும் பேசத் தொடங்காத மகனை மடியில் வைத்துக்கொண்டு சென்ற மழைக்காலத்தில் என் முன்னே அமர்ந்திருந்த ஒரு தாய், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, தவறு செய்துவிட்டவர்போலச் சொன்னார்: "மிஸ், வீட்டுல தோட்டத்துப் பேச்சு பேச வேணாம், இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்கன்னு சொன்னாங்க. எனக்கு அது வராது. பிள்ளையப் பாத்துக்கிறது அப்பாயிதான், அவங்களுக்கும் வராது." அந்த அறிவுரைக்குப் பிந்திய ஆறு வாரங்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான அந்த லயத்துக் காம்பராவில் நடந்தது இதுதான்: தாய் தனக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களோடு நிறுத்திக்கொண்டார், தன்னால் பிள்ளைக்குக் கெடுதி வந்துவிடுமோ என்ற பயத்தில் பாட்டி பேசுவதையே குறைத்துக்கொண்டார், மிஞ்சிய நேரமெல்லாம் பிள்ளையோடு பேசியது கைத்தொலைபேசிதான்.

இலங்கையின் மலையகத்தில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராகப் பணிபுரியும் எனக்கு இது புதிய கதை அன்று. சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். வேலைக்கு வந்த முதலாவது ஆண்டில் நானும், "ஏதாவது ஒரு மொழியைத் தெரிவுசெய்யுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அதை இன்று சொல்லமாட்டேன்.

பிள்ளை முதற்சொல்லைச் சொல்வதற்கு வெகு முன்பே அதன் காது வீட்டுப் பேச்சில் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 1984இல் கனடாவில் ஜெனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவரும், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கு நாக்கு பல்லைத் தொட எழும் ஹிந்தி 'த' ஒலிக்கும் நாக்கை மடித்து எழுப்பும் 'ட' ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கச் செய்தனர். நமக்குப் 'பத்து', 'பட்டு' என்பவற்றைப் பிரித்துக் காட்டுவதும் இதே வகை வேறுபாடுதான். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அதை இனங்கண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் மங்கியிருந்தது. வீட்டில் புழங்காத ஒலியை விட்டுவிட்டு, புழங்கும் ஒலிகளில் குழந்தை தன் கவனத்தைக் குவிக்கிறது. அந்தக் காதுக்குச் செந்தமிழ், தோட்டத் தமிழ் என்ற தரவரிசை எதுவும் தெரியாது.

தரவரிசை வைப்பவர்கள் நாம்தான். பல ஆண்டுகளுக்கு முன் நான் பயன்படுத்திய பட அட்டைகளில், அறையின் படத்தைக் காட்டினால் 'அறை' என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் 'காம்பரா' என்றார்கள். தொழிற்சாலையின் படத்துக்கு 'ஸ்டோரு' என்றார்கள். நகரத்தையண்டி வளரும் ஒரு சிறுமி, அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தோடு பழகியதால், தண்ணீரை 'வத்துர' என்றும் பாலை 'கிரி' என்றும் சொன்னாள். விடைத்தாளின்படி இவை யாவும் பிழைகள். ஆனால் ஸ்பானிய, ஆங்கில மொழிகளைச் சேர்த்துக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா பியர்சனும் அவரது குழுவினரும், 1993லேயே, இருமொழிக் குழந்தையின் சொல்வளத்தை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகவே தோன்றும் என்றும், இரு மொழிகளையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைகளின் அளவோடு ஒத்துப்போகும் என்றும் காட்டிவிட்டார்கள். சேர்த்து எண்ணியபோது அந்தச் சிறுமிக்குத் தாமதமே இருக்கவில்லை. தாமதம் என் அட்டையில் இருந்தது. குழந்தை மொழி ஆய்வுக்கான நான்கு முக்கிய சஞ்சிகைகளில் 45 ஆண்டுகளாக வெளியானவற்றைத் தொகுத்துப் பார்த்த எவன் கிட், ரொவேனா கார்சியா இருவரும், உலக மொழிகளில் ஏறத்தாழ 1.5 வீதமே அவற்றில் இடம்பெற்றுள்ளன என்று 2022இல் எழுதினார்கள். அந்தச் சிறு வட்டத்துக்குள் உருவான அளவுகோல்கள் மலையகத்துப் பொகவந்தலாவைக்குப் பொருந்தாமற் போவதில் வியப்பில்லை.

"சாதாரணப் பிள்ளைக்கு இரண்டு மொழி சரி, குறைபாடுள்ள பிள்ளைக்குச் சுமையாகாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் எலிசபெத் கே-ரெயினிங் பேர்டும் குழுவினரும் கனடாவில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழிகளில் வளர்ந்தவர்கள், அதே நிலையிலுள்ள ஒருமொழிக் குழந்தைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கவில்லை.

நான் தாய்மாரிடம் அதிகம் எடுத்துச் சொல்வது, எலிகா பெர்கல்சன் தலைமையிலான பெரும் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வைத்தான். பன்னிரண்டு நாடுகளில், நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில், இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையான 1,001 குழந்தைகளின் சட்டையில் சிறு ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, 40,000 மணித்தியாலத்துக்கும் மேலான ஒலியைப் பதிந்து, யார் எவ்வளவு பேசினார்கள் என்பதைக் கணினி நிரல் கொண்டு கணக்கிட்டார்கள். பிள்ளை எவ்வளவு குரலெழுப்பியது என்பதோடு தொடர்புபட்டிருந்தவை வயதும், வளர்ச்சிக் குறைபாடு உண்டா என்பதும், சுற்றியுள்ள பெரியவர்கள் எவ்வளவு பேசினார்கள் என்பதுமே. தாய் எவ்வளவு படித்தவர் என்பதோடோ, வீட்டில் எத்தனை மொழிகள் என்பதோடோ தொடர்பு தென்படவில்லை. அந்தக் கருவி பேச்சின் அளவை எண்ணுகிறதே தவிர, பொருளை அறியாது. பெரியவர் பேசுவதால் பிள்ளை பேசுகிறதா, பிள்ளை பேசுவதால் பெரியவர் பேசுகிறாரா என்பதையும் அது தீர்த்துவைக்காது. ஆயினும், தான் படிக்காததால்தான் பிள்ளை பேசவில்லை என்று குனிந்த தலையோடு வரும் கொழுந்து பறிக்கும் தாய்க்கு இதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

தொலைபேசிக்கு வருவோம். ஒன்று முதல் இருபது வரை ஆங்கிலத்தில் எண்ணத் தெரிந்தும், பசித்தால் கேட்கத் தெரியாத பிள்ளைகள் இப்போது என்னிடம் வருகிறார்கள். பட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழி கேட்கச் செய்யப்பட்டது. நேரில் ஒருவர் விளையாடிப் பேசக் கேட்டவர்கள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே பேச்சைக் காணொளியில் கண்டவர்கள் எதையும் கற்கவில்லை. ஆனால் எல்லாத் திரையும் ஒன்றல்ல. இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், மறுமுனையில் இருப்பவர் பிள்ளைக்கு ஏற்றவாறு பதிலளிக்கும் நேரடிக் காணொளி அழைப்பில் அவர்கள் புதிய சொற்களைக் கற்றார்கள். பதிவுசெய்த காணொளியில் கற்கவில்லை. தாய் மத்திய கிழக்கிலும் தந்தை கொழும்புக் கடையிலும் இருக்கும் எத்தனையோ வீடுகளுக்கு இது முக்கியமான செய்தி. அழைப்பில் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டிக்காமல், பிள்ளை எதைக் காட்டுகிறதோ அதைப் பற்றியே பேசுங்கள்.

ஒரு தந்தை தன் தொலைபேசியின் குரல்வழித் தட்டச்சைக் காட்டி, "போனுக்கே எங்க பேச்சு விளங்கல, மிஸ்" என்றார். பிழை பேச்சில் இல்லை. ஐந்து பெரிய நிறுவனங்களின் ஆங்கிலப் பேச்சுணர் மென்பொருட்களைச் சோதித்த 2020ஆம் ஆண்டு ஆய்வில், வெள்ளை அமெரிக்கர் பேசிய 100 சொற்களில் 19 பிழையாயின. கறுப்பின அமெரிக்கர் பேசியதில் 35 பிழையாயின. எந்தப் பேச்சைக் கேட்டுப் பழகியதோ அதைத்தான் இயந்திரம் அறியும்.

இதனால், தாமதத்தைக் கண்டும் காணாமல் இருக்கலாம் என்று பொருளில்லை. ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராத, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்காத பிள்ளையையும், எந்த வயதிலாயினும் பேசிய சொற்களை இழக்கும் பிள்ளையையும் உடனே காட்ட வேண்டும். முதலில் செய்ய வேண்டியது செவிப்புலப் பரிசோதனை; "பொண்ணு, பையன் எல்லாம் மூணு வயசுலதான் பேசும்" என்று அடுத்த லயத்தில் சொல்வதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் உரிய இடத்துக்கு வழிகாட்டுவார்.

வரும்போது கிளினிக் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். பிள்ளை சொல்லும் சொற்களை எந்த மொழியானாலும் ஒரு தாளில் எழுதிவாருங்கள், அரைகுறையாக வரும் சொற்களும் கணக்கில் சேரும். நாளின் பெரும்பகுதி பிள்ளையோடு இருப்பவர் அப்பாயியோ, பிள்ளை மடுவம் என்னும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்து அம்மாவோ, அவரையும் முடிந்தால் அழைத்துவாருங்கள். என் அறையில் அவருக்கும் ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறேன்.