அண்ணாந்து அடிக்கும் மருந்து

"மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கிட்டுதான் அப்பா முந்திரிக்கு மருந்து அடிக்கிறார். அப்படியும் சாயங்காலம் தலைவலி, கண் மங்கல், வாயில எச்சில் ஊறுது. ஏன்?" பண்ருட்டிப் பக்கமிருந்து ஒரு மாணவி கேட்டிருந்தார்.

மருந்து அடிப்பவர் உடம்புக்குள் பெரும்பகுதி போவது மூக்கு வழியாக அல்ல, தோல் வழியாக. நெல்லுக்குக் குனிந்து அடிக்கலாம். தோப்பில் அண்ணாந்துதான் அடிக்க வேண்டும். இலையில் தங்காதது அடித்தவர் தலையிலேயே இறங்கும். தோலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் உறிஞ்சாது. பாரத்தியான் என்ற பழைய மருந்தைத் தடவி அளந்தபோது முன்கையில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது, நெற்றியில் 36. வியர்க்கும் நெற்றியை அப்பா எதால் துடைக்கிறார்? மருந்தில் நனைந்த அதே துண்டால்.

உள்ளே போனபின் நடப்பது கொடுமைதான். ஆனாலும் அதன் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. தசையைச் சுருக்க நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விடும். வேலை முடிந்ததும் அதை அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி வெட்டிப்போடும், நொடிக்கு ஆயிரக்கணக்கில். நொதியில் ஆழமான ஒரு குழி. அடியில் பல் மாதிரி செரின் என்ற அமினோ அமிலம். அசிட்டைல்கோலின் விழும், செரின் கவ்வி உடைக்கும், ஒட்டிய மிச்சத்தைத் தண்ணீர் கழுவிவிடும், பிறகு அடுத்தது. ஆர்கனோபாஸ்பேட் என்ற வகைப் பூச்சிமருந்தும் அதே குழியில்தான் விழுகிறது. செரின் அதையும் கவ்வும். ஆனால் ஒட்டிய பாஸ்பேட் தண்ணீருக்கு அசையாது. பலாப்பழம் அறுத்த கையைத் தண்ணீரில் மட்டும் கழுவிப் பாருங்கள், தெரியும். அசிட்டைல்கோலின் குவியும், எச்சில் ஊறும், கண்மணி சுருங்கிப் பார்வை மங்கும். முற்றினால் மூச்சுத் தசையே ஓய்ந்துவிடும்.

குவிந்ததன் ஆட்டத்தை அடக்க மருத்துவர் அட்ரோபின் போடுவார். ஒட்டியதைப் பெயர்க்கும் மருந்து பிராலிடாக்சைம், பலாப்பாலுக்கு எண்ணெய் மாதிரி. பலாப்பால் காய்ந்தால் எண்ணெய்க்கும் மசியாதே, இங்கும் அதேதான். மோனோகுரோட்டோபாஸ் வகைப் பூச்சிமருந்தில் ஒட்டியதில் பாதி 4 மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும்; குளோர்பைரிபாஸ் வகையில் பாதி காய 33 மணி ஆகும். தோப்பில் மயங்கியவரைக் காத்துக்கருப்பு என்று பூசாரியிடம் கொண்டுபோனதை எங்கள் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். அந்த 4 மணி நேரம் அங்கேயே போய்விடும்.

அப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்து டப்பாவின் லேபிளோடு. இந்த நொதியை ரத்தத்தில் அளக்க முடியும். இயல்பளவு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மருந்து அடிக்கும் பருவத்துக்கு முன்பும் ஒருமுறை அளந்து வைத்திருப்பது நல்லது. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். அந்தத் துண்டை மட்டும் வீட்டுத் துணியோடு ஊறப்போடாதீர்கள்.