பகிர்ந்த ஃபோல்டரில் ஆக்சஸ் ஃபைல்: பலர் திறந்தாலும் கெடாமல் வைத்திருப்பது எப்படி

பில்லிங், ஸ்டாக், மாணவர் பதிவேடு என்று ஏதாவது ஒரு தேவைக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரு ஃபைல் செய்கிறார்கள். அதை ஒரு கணினியின் பகிர்ந்த ஃபோல்டரில் போட்டு, மற்றக் கணினிகளில் அதற்கு ஷார்ட்கட் வைத்துவிடுகிறார்கள். சிறு அலுவலகங்களில் பரவலாகக் காணும் ஏற்பாடு இது. இருவர் ஒரே சமயத்தில் திறந்தாலும் வேலை நடப்பதால், பகிர்வது என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஃபைல் கெடுவதற்கு அதிக வாய்ப்பு தரும் முறை இதுதான். கெடும்போது ஒருவருடைய வேலை மட்டும் நிற்காது, அலுவலகம் முழுவதும் நிற்கும்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் தீர்வுகள் தாமாகவே விளங்கும். எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ் சர்வர்களில் தரவு ஃபைலைத் தொடுவது சர்வரில் ஓடும் ஒரே நிரல்தான். மற்றவர்கள் அதனிடம் கேட்டு வாங்குகிறார்கள். ஆக்சஸில் அப்படி ஓர் இடையாள் கிடையாது. ஃபைலை வைத்திருக்கும் கணினி, கேட்ட பைட்டுகளை எடுத்துக் கொடுக்கும், வந்த பைட்டுகளை எழுதி வைக்கும், அவ்வளவே. தேடுவது, வரிசைப்படுத்துவது, இன்டெக்ஸை (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) திருத்துவது எல்லாம் பயனாளரின் கணினியில் ஓடும் ஆக்சஸ் எஞ்சின் செய்கிற வேலை. ஐந்து பேர் திறந்திருந்தால் ஐந்து எஞ்சின்கள் ஒரே ஃபைலுக்குள் 4 கேபி அளவுள்ள பக்கங்களை நேரடியாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு ரெக்கார்டைச் சேமிக்கவே பல பக்கங்கள் எழுதப்பட வேண்டியிருக்கும். பாதி எழுதிய நிலையில் ஒரு கணினியின் இணைப்பு அறுந்தால், மீதியை எழுதி முடிக்க வேறு யாரும் இல்லை. அதனால் அலுவலகத்திலேயே மிக மோசமான கேபிள் எதுவோ, அதன் தரம்தான் உங்கள் ஃபைலின் பாதுகாப்பும்.

இத்தனை எஞ்சின்களும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க உதவுவது லாக் ஃபைல். முதல் ஆள் திறந்ததும் அதே ஃபோல்டரில் அதே பெயரில் '.எல்ஏசிசிடிபி' என்ற நீட்சியோடு அது உருவாகும் (பழைய எம்டிபி ஃபைல்களுக்கு '.எல்டிபி'). கடைசி ஆள் மூடியதும் அழிந்துவிடும். எனவே தரவை எழுதுகிற ஒவ்வொருவருக்கும் அந்த ஃபோல்டரிலேயே ஃபைல் உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும். ஷேர் அனுமதியில் 'சேஞ்ச்', செக்யூரிட்டி டேபில் 'மாடிஃபை' என இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் வேலைக்கு ஆகாது. லாக் ஃபைலை உருவாக்க உரிமை இல்லாதவர் முதலில் திறந்தால், ஃபைல் பகிர்வு முறையில் திறக்காது. பின்னால் வருபவர்கள் உள்ளே நுழைய முடியாமல் நிற்பார்கள். அதற்காக 'எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்' என்று திறந்துவிடவும் கூடாது. வேலை செய்பவர்களை மட்டும் ஒரு குழுவாகச் சேர்த்து, அந்தக் குழுவுக்கு உரிமை கொடுங்கள்.

எல்லோரும் மூடிய பிறகும் லாக் ஃபைல் நின்றால், யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார் அல்லது ஒரு கணினி பாதியில் நின்றுபோயிருக்கிறது. நோட்பேடில் திறந்தால் கணினிப் பெயர்கள் தெரியும். ஆனால் வெளியேறியவரின் பெயரும் அதில் தங்கியிருக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஃபைல் இருக்கும் கணினியில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்', 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்', 'ஓபன் ஃபைல்ஸ்' என்று போய்ப் பார்த்தால் சரியான விவரம் கிடைக்கும். அங்கிருந்தபடியே இணைப்பை வலிந்து மூடலாம்தான், ஆனால் அது கேபிளைப் பிடுங்குவதற்குச் சமம். அந்த மேசைக்கு நடந்து போய் மூடச் சொல்வதே நல்லது.

அடுத்தது இந்தக் கட்டுரையில் எதையும்விட முக்கியமானது: ஃபைலை இரண்டாகப் பிரிப்பது. டேபிள்கள் மட்டும் ஒரு ஃபைலில், பகிர்ந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும். இது பேக் எண்ட். ஃபார்ம், குவெரி, ரிப்போர்ட், கோடு எல்லாம் இன்னொரு ஃபைலில், ஒவ்வொருவரின் கணினியிலும் தனித்தனிப் பிரதியாக இருக்க வேண்டும். இது ஃப்ரண்ட் எண்ட். முதலில் முழு ஃபைலுக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, 'டேட்டாபேஸ் டூல்ஸ்' மெனுவில் 'மூவ் டேட்டா' பகுதியிலுள்ள 'ஆக்சஸ் டேட்டாபேஸ்' என்பதை அழுத்தினால் ஸ்பிளிட்டர் வரும். பேக் எண்டைச் சேமிக்கும் இடம் கேட்கும்போது, 'இசட் டிரைவ்' போன்ற எழுத்து வழியாகப் போகாமல் \\சர்வர்\கணக்கு\ என்ற முழுப் பாதையைக் கொடுங்கள். டிரைவ் எழுத்து கணினிக்குக் கணினி மாறும். மாறினால் டேபிள் இணைப்பு அறும். பின்னால் சர்வர் மாறினால் 'லிங்க்டு டேபிள் மேனேஜர்' மூலம் புதிய பாதையைக் காட்டினால் போதும்.

பிரித்த பிறகு பலர் செய்யும் தவறு, ஃப்ரண்ட் எண்டையும் சர்வரிலேயே ஒற்றைப் பிரதியாக வைத்து எல்லோரும் அதைத் திறப்பது. பிரித்ததன் பயனில் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஃபார்ம்களும் கோடும் நெட்வொர்க் வழியாகவே வந்துகொண்டிருக்கும். ஒருவர் தற்காலிக டேபிளில் நிரப்பிய தரவை இன்னொருவரின் ரிப்போர்ட் அழிக்கும். ஒரு ஃபார்மைத் திருத்த வேண்டுமென்றால் எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். ஆளுக்கொரு பிரதி இருந்தால், ஒருவரின் ஃப்ரண்ட் எண்ட் கெட்டாலும் அதை அழித்துவிட்டுப் புதிதாக நகல் எடுத்தால் முடிந்தது. புதுப் பதிப்பை விநியோகிக்க ஒரு சிறிய பேட்ச் ஃபைல் போதும்: சர்வரிலிருந்து மூலப் பிரதியைப் பயனாளரின் கணினிக்கு நகலெடுத்து, அதைத் திறக்கும் இரண்டு வரிகள். டெஸ்க்டாப் ஷார்ட்கட் அந்த பேட்ச் ஃபைலைக் காட்டட்டும். கோடை யாரும் மாற்றாமலிருக்க, '.ஏசிசிடிஇ' வடிவில் கொடுங்கள். திருத்தக்கூடிய மூல ஃபைலை ('.ஏசிசிடிபி') மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பின்னால் ஃபார்மையோ கோடையோ திருத்த முடியாது.

பிரித்ததும் வேகம் குறைந்ததாகத் தோன்றினால், பெரும்பாலும் லாக் ஃபைல் திரும்பத் திரும்ப உருவாகி அழிவதே காரணம். பேக் எண்டில் உள்ள ஒரு சிறிய டேபிளோடு இணைத்த ஃபார்ம் ஒன்றைத் தொடக்கத்திலேயே மறைவாகத் திறந்து, வெளியேறும் வரை திறந்தே வைத்தால் நிலைமை நன்றாகவே மாறும்.

இனி, இருவர் ஒரே ரெக்கார்டைத் தொடும் சிக்கல். ஆக்சஸின் இயல்பு அமைப்பு 'நோ லாக்ஸ்'. இருவரும் திருத்தலாம், இரண்டாவதாகச் சேமிப்பவருக்கு 'ரைட் கான்ஃப்ளிக்ட்' என்ற பெட்டி வரும். அவசரத்தில் 'சேவ் ரெக்கார்டு' அழுத்தினால் முதல் ஆள் செய்த திருத்தம் சத்தமில்லாமல் போய்விடும். அந்தப் பெட்டி வந்தால் 'டிராப் சேஞ்சஸ்' அழுத்தி, புதிய நிலையைப் பார்த்துவிட்டு மீண்டும் திருத்தும்படி ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அதிகம் மோதும் ஃபார்ம்களுக்கு மட்டும் 'ரெக்கார்டு லாக்ஸ்' என்பதை 'எடிட்டட் ரெக்கார்டு' ஆக்கலாம். ஆப்ஷன்ஸில் மாற்றினால் புதிதாகச் செய்யும் ஃபார்ம்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே உள்ள ஃபார்மில் தனியாக மாற்ற வேண்டும். திருத்தத் தொடங்கியவர் சேமிக்காமல் எழுந்து போனால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்பது இதன் குறை.

பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்தால் இந்தப் பூட்டுமுறை மாறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அப்போது ஆக்சஸ், ரெக்கார்டு அளவிலான பூட்டைப் புறக்கணிப்பதாக ஒரு செய்தி காட்டும். அவசரத்தில் ஓகே அழுத்திவிடுவார்கள். அதன்பின் பூட்டப்படுவது 4 கேபி பக்கம் முழுவதும். சிறிய ரெக்கார்டுகள் என்றால் ஒருவர் ஒன்றைத் திருத்தும்போது பக்கத்துப் பத்துப் பதினைந்து ரெக்கார்டுகளும் சேர்ந்து அடைபடும். போதாததற்கு, பேக் எண்டின் பாஸ்வேர்டு ஃப்ரண்ட் எண்டின் இணைப்பு விவரத்திலேயே படிக்கும்படி கிடக்கும். உரிமை உள்ள யாரும் முழு ஃபைலையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகலாம். மருத்துவக் குறிப்பு, ஆதார் எண் போன்றவற்றை இப்படிப் பகிர்ந்த ஆக்சஸ் ஃபைலில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பில் எண் தனிக் கவனம் கேட்கிறது. கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் புது எண் தரும் முறையில், ஃபார்ம் திறந்ததுமே எண்ணை எடுத்தால் இரண்டு கவுண்டருக்கும் ஒரே எண் கிடைக்கும். சேமிப்பதற்குச் சற்று முன் நடக்கும் 'பிஃபோர் அப்டேட்' நிகழ்வில் எண்ணை எடுங்கள், அந்தப் புலத்துக்கு 'நோ டூப்ளிகேட்ஸ்' இன்டெக்ஸ் போடுங்கள், பிழை 3022 வந்தால் அடுத்த எண்ணை எடுத்து மறுபடி முயலும்படி எழுதுங்கள். ஆட்டோநம்பரை பில் எண்ணாக வைக்க வேண்டாம். பதியத் தொடங்கி எஸ்கேப் அழுத்தினாலே ஓர் எண் வீணாகும். ஜிஎஸ்டி விதி 46 கேட்பதோ தொடர்ச்சியான வரிசை எண்.

நெட்வொர்க் பக்கம் வந்தால், வைஃபை வேண்டாம். ஒரே ஒரு மடிக்கணினி வைஃபையில் இருந்தாலும் அது எல்லோருக்கும் ஆபத்து. ஃபைல் இருக்கும் கணினி ஸ்லீப் நிலைக்குப் போகக் கூடாது. நெட்வொர்க் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் மின்சேமிப்புக்காக அதை அணைக்கும் அனுமதியையும் நீக்குங்கள். நம் ஊர் மின்வெட்டில் அடிக்கடி தவறவிடுவது நெட்வொர்க் ஸ்விட்ச்: கணினிகளுக்கு யூபிஎஸ் இருக்கும், சுவரில் மாட்டிய அந்தச் சின்னப் பெட்டிக்கு இருக்காது. கரண்ட் போனதும் எல்லோருடைய இணைப்பும் ஒரே நொடியில் அறுந்துபோகும். அதற்கும் யூபிஎஸ் வேண்டும். சாதாரண விண்டோஸ் 10, 11 கணினியை ஃபைல் சர்வராகப் பயன்படுத்தினால் ஒரே சமயத்தில் 20 இணைப்புதான் ஏற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எதுவும் அறுபடாமலே 'இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்' என்ற பிழை திரும்பத் திரும்ப வந்தால், ஃபைல் இருக்கும் கணினியில் எஸ்எம்பி (விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறை) லீசிங் வசதியை நிறுத்திப் பாருங்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பையொட்டி இந்தச் சிக்கல் எழுந்தபோது மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிகத் தீர்வு அது.

ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ் ஃபோல்டர்களில் பேக் எண்ட் இருக்கவே கூடாது. அவை ஒவ்வொரு கணினியிலும் தனிப் பிரதி வைத்துப் பின்னர் ஒத்திசைப்பவை. ஒருவர் போட்ட பூட்டு அடுத்தவருக்குத் தெரியாது. மாலையில் பார்த்தால் இரண்டு முரண்பட்ட பிரதிகள் இருக்கும், இரண்டிலும் பாதிப் பதிவுகள். வேறு ஊர்க் கிளையிலிருந்து விபிஎன் வழியாகத் திறப்பதும் ஆபத்துதான். தொலைவிலிருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து வேலை செய்யட்டும். அப்போது கம்பியில் போவது திரையில் தெரியும் படம் மட்டுமே, இணைப்பு அறுந்தாலும் எழுதும் வேலை உள்ளே தொடரும்.

ஆக்சஸ் ஒரே நேரத்தில் 255 பேரை ஏற்கும் என்று சொல்லப்பட்டாலும், பத்துப் பதினைந்து பேர் இடைவிடாமல் பதியும் இடத்தில் அதை நம்பியிருப்பது சரியல்ல என்பது என் கருத்து. ஃபைல் 2 ஜிபி எல்லையை நெருங்கும்வரையும் காத்திருக்க வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம். 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை போகலாம். மைக்ரோசாஃப்டின் இலவச மைக்ரேஷன் அசிஸ்டன்ட் டேபிள்களை மாற்றிக் கொடுக்கும். பிரித்து வைத்திருந்தால் ஃப்ரண்ட் எண்டின் பெரும்பகுதி அப்படியே பயன்படும். மாற்றும் முன் எல்லா டேபிளிலும் பிரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் புலம்) இருக்கிறதா என்று பாருங்கள். 'யெஸ்/நோ' (ஆம்/இல்லை) வகைப் புலங்களுக்கு இயல்பு மதிப்பு கொடுங்கள், அவை காலியாக இருந்தால் காரணமில்லாத ரைட் கான்ஃப்ளிக்ட் வரும்.

காப்புப் பிரதியை யாரும் உள்ளே இல்லாதபோது எடுங்கள். லாக் ஃபைல் இல்லை என்பதே அதற்கு அடையாளம். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய நிரல்) பகிர்ந்த ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே ஒரு பிரதியாவது நெட்வொர்க்கோடு இணையாத டிஸ்க்கில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஃபைலைச் சுருக்குவதற்கும் இதே நேரம் ஏற்றது. பேக் எண்டின் பெயரை மாற்றினால் நடுவில் யாரும் நுழைய முடியாது. பிறகு அதன் நகலை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து 'காம்பாக்ட் அண்டு ரிப்பேர்' செய்து, பழைய பெயரில் சர்வரில் வையுங்கள். பெயர் மாற்றிய மூலம் அன்றைய காப்புப் பிரதியாக நிற்கட்டும்.

'அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மட்' என்ற பிழை 3343 வந்துவிட்டால், மறுபடி மறுபடி திறந்து பார்க்காதீர்கள். எல்லோரையும் வெளியேற்றி, கெட்ட ஃபைலை அப்படியே ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் ரிப்பேர் செய்யுங்கள். சரியாகவில்லை என்றால் புதிய வெற்று ஃபைலில் டேபிள்களை ஒவ்வொன்றாக இம்போர்ட் செய்யுங்கள். ஒரு டேபிள் மட்டும் மறுத்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு ரெக்கார்டின் 'லாங் டெக்ஸ்ட்' புலம் சிதைந்திருக்கும். எண் வரம்பு கொடுத்துப் பகுதி பகுதியாக எடுத்து, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாம். ரிப்பேர் முடிந்த ஃபைலை உடனே ஊழியர்களிடம் கொடுத்துவிட வேண்டாம். ரிப்பேரின்போது இரட்டை மதிப்பு அகப்பட்டால் ஆக்சஸ் பிரைமரி கீயையும் டேபிள்களுக்கு இடையிலான உறவுகளையும் நீக்கிவிட்டிருக்கலாம். 'எம்எஸ்சிஸ்காம்பாக்ட்எரர்' என்ற டேபிள் உருவாகியிருந்தால் அதைப் படித்து, ஒவ்வொரு டேபிளின் கீயையும் டிசைன் வியூவில் சரிபார்த்த பிறகே பேக் எண்டை அதன் பழைய இடத்தில் வையுங்கள்.